பூங்காவில் வரையலாம் வாருங்கள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

அறைக்குள் ஓவியம் கற்றுக்கொடுப்பது என் தொழில். வார இறுதிக் காலைகளில் பூங்கா மரத்தடியில் உட்கார்ந்து, வருகிறவர்கள் கையில் காகிதமும் பென்சிலும் கொடுத்து வரையச் சொல்வது என் விருப்பம். கட்டணம் கிடையாது. வயது வரம்பு கிடையாது. முன்பதிவும் இல்லை. இந்த இலவசப் பயிலரங்கு பற்றிச் சென்ற இதழில் எழுதியதும் கேள்விகள் நிறைய வந்தன. ஒரே விஷயத்தைப் பலர் கேட்டிருந்தால் அவற்றைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறேன்.

எனக்கு அறுபது வயதுக்கு மேல் ஆகிறது. பள்ளிக்கூட ஓவிய வகுப்பில் வாங்கிய திட்டோடு சரி, பிறகு பென்சிலைத் தொடவில்லை. ஒரு நேர்க்கோடுகூட வராது. பேத்தியை அழைத்து வந்துவிட்டு, நான் ஓரமாக உட்கார்ந்துகொள்ளலாமா?

ஓரமாக உட்கார வேண்டாம். பேத்திக்கு ஒரு அட்டை, உங்களுக்கு ஒரு அட்டை. நேர்க்கோடு வராது என்கிறீர்கள். பூங்காவைச் சுற்றிப் பாருங்கள். விளக்குக் கம்பத்தையும் பெஞ்சையும் விட்டால் நேர்க்கோடு எங்கே இருக்கிறது? அடிமரம் வளைகிறது, கிளை முறுக்கிக்கொண்டு போகிறது, நடைபாதைகூட ஓரம் தேய்ந்து நெளிகிறது. லேசாக நடுங்கும் கை போடுகிற கோடு மரப்பட்டைக்கு மிகப் பொருத்தமாக வரும். ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. ஸ்கேல் வைத்து இழுத்த கோடுகளால் ஆன மரங்கள் உயிரில்லாமல் நிற்பதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

புதிதாக வருகிறவர்களுக்கு நான் கொடுக்கும் முதல் வேலையைச் சொல்கிறேன். கீழே விழுந்து கிடக்கிற ஒரு இலையை ஒரு கையில் பிடித்துக்கொள்ளுங்கள். மற்றொரு கையில் பென்சில். காகிதத்தைப் பார்க்கக் கூடாது. இலையின் விளிம்பில் எறும்பு ஊர்வதுபோல் கண் மெதுவாக ஊரட்டும், அதே வேகத்தில் பென்சிலும் நகரட்டும். காம்பிலிருந்து கிளம்பி மறுபடியும் காம்புக்கு வந்து சேரும்வரை தலையைக் குனியாதீர்கள். முடித்துவிட்டுப் பார்த்தால் கோணல்மாணலாகத்தான் இருக்கும், தொடங்கிய இடமும் முடிந்த இடமும் சேர்ந்திருக்காது. ஆனால் பூச்சி அரித்த பள்ளம், நுனியில் ஒரு மடிப்பு, ஒரு பக்கம் அகன்று மறுபக்கம் ஒடுங்கியிருப்பது எல்லாம் அதில் வந்திருக்கும். நினைவிலிருந்து இலை வரையச் சொன்னால் ஏறக்குறைய எல்லோரும் ஒரே மாதிரி, நடுவில் நரம்பு ஓடுகிற ஒரு கண் வடிவத்தைத்தான் போடுவோம். தெரிந்ததை வரைவதை நிறுத்திவிட்டுத் தெரிவதை வரையத் தொடங்குவதுதான் பூங்காவில் நாங்கள் செய்கிற ஒரே பாடம். மற்றதெல்லாம் அதன் நீட்சி.

இந்தப் பயிற்சி பழகியதும் மரத்துக்குப் போங்கள். ஒரு மரத்தின் எந்த உயரத்தில் பார்த்தாலும் அங்கே உள்ள கிளைகளையெல்லாம் சேர்த்துக் கட்டினால் அடிமரத்தின் தடிமன் வரும் என்று லியோனார்டோ டாவின்சி தன் குறிப்புகளில் எழுதி வைத்தார். எல்லா மரத்துக்கும் இது கணக்காகப் பொருந்தாது. ஆனாலும் கிளை பிரியப் பிரிய மெலிவதைக் கவனிக்க இதைவிட நல்ல தூண்டுதல் இல்லை.

எங்கள் குடியிருப்புக்குப் பக்கத்தில் நல்ல பூங்கா இருக்கிறது. நானும் இரண்டு நண்பர்களும் மாதம் ஒருமுறை இலவச ஓவியப் பயிலரங்கு நடத்த நினைக்கிறோம். எதிலிருந்து தொடங்குவது?

அனுமதியிலிருந்து. பூங்காவை யார் பராமரிக்கிறார்களோ அவர்களிடம் எழுத்தில் கேளுங்கள். எத்தனை பேர் வருவார்கள், எத்தனை மணி நேரம், எந்த மூலை என்று சொல்லுங்கள். ஒலிபெருக்கி வைக்க மாட்டோம், மரத்தில் ஆணி அடிக்க மாட்டோம், புல்லில் வண்ணம் கொட்ட மாட்டோம், போகும்போது குப்பையை எடுத்துக்கொண்டு போவோம் என்று நீங்களாகவே எழுதிக் கொடுங்கள். அவர்களுடைய பயமெல்லாம் அநேகமாக இந்த நான்குக்குள் அடங்கிவிடும். காவலாளியிடமும் தோட்ட வேலை செய்கிறவர்களிடமும் தனியாகப் போய்ப் பேசுங்கள். எந்தப் பாத்திக்கு எப்போது தண்ணீர் விடுவார்கள், எந்த மரத்தில் கம்பளிப் பூச்சி இருக்கிறது, எங்கே எறும்புப் புற்று என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். முடிந்தால் அவர்களுக்கும் ஒரு காகிதம் கொடுங்கள். அந்த மரங்களை அவர்களைவிட அதிகம் பார்த்தவர்கள் யாரும் இல்லை.

இடத்தை, நீங்கள் நடத்தப்போகிற அதே நேரத்தில் போய்ப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். மாலையில் பார்த்துவிட்டுக் காலையில் நடத்தினால் நிழல் வேறு பக்கம் இருக்கும். பூமி மணிக்கு 15 டிகிரி சுழல்கிறது. வானத்தில் சூரியன் தன் அகலத்தைக் கடந்து நகர இரண்டே நிமிடம் போதும். ஒன்பது மணிக்குப் பத்துப் பேர் உட்கார்ந்திருந்த நிழல் பத்தரைக்கு ஐந்து பேருக்குத்தான் எட்டும். அதனால் ஒற்றை மரத்தைவிட மரங்கள் கூட்டமாக நிற்கிற இடம் நல்லது. குடிதண்ணீரும் கழிப்பறையும் கூப்பிடு தூரத்தில் இருக்க வேண்டும். ஊஞ்சல், சறுக்குமரம் பக்கத்தில் வேண்டாம்; பிள்ளைகளின் மனம் அங்கேதான் இருக்கும், அதில் தவறும் இல்லை. இரண்டு மணி நேரம் தாராளம். அதற்கு மேல் நீட்டினால் வெளிச்சமும் மாறிவிடும், கண்ணும் களைத்துவிடும்.

பொருள்களுக்கு வருவோம். இங்கேதான் பலர் மலைத்துப்போய் விட்டுவிடுகிறார்கள். முதல் சில மாதங்களுக்குக் காகிதம், பென்சில், க்ரேயான் போதும். பென்சிலில் கறுப்பாக எழுதுகிற மென்மையான 2பி, 4பி இரண்டும் இருக்கட்டும், சாதாரண எச்.பி. மட்டும் கொடுத்தால் வெயிலில் கோடு மங்கலாகத் தெரியும், ஆளுக்கு ஆள் அழுத்திக் கிழிப்பார்கள். பழைய அட்டைப்பெட்டிகளை வெட்டி ஆளுக்கு ஒரு அட்டை செய்துகொள்ளுங்கள். ஒவ்வொரு அட்டைக்கும் இரண்டு கிளிப், ஒன்று மேலே, ஒன்று கீழே. கீழே கிளிப் இல்லாவிட்டால் காற்று வந்து காகிதத்தைத் தூக்கி அடிக்கும், பாதிப் பேர் படத்தைப் பிடித்துக்கொண்டே நேரத்தைப் போக்குவார்கள். காகிதத்தைச் சின்னதாக வெட்டிக் கொடுங்கள். பெரிய வெள்ளைத்தாள் புதியவரைப் பயமுறுத்தும். சின்னத் தாள் என்றால் சரியாக வராததை வைத்துவிட்டு இன்னொன்று எடுத்துக்கொள்ள மனம் வரும். அழிரப்பரை நான் எடுத்துப் போவதே இல்லை. அது இருந்தால் வரைவதைவிட அழிப்பது அதிகமாகிறது.

முதியவர்களுக்கு நாற்காலி, மற்றவர்களுக்குப் பாய். பாதை மேடுபள்ளமாக இருந்தால் சக்கர நாற்காலியில் வருகிறவர் எப்படி வந்து சேர்வார் என்பதை முதலில் தீர்மானித்துவிட்டு, மற்றவர்களை அந்த இடத்துக்கு வரச் சொல்லுங்கள். நேர்மாறாகச் செய்தால் அவர் எப்போதும் விளிம்பில்தான் இருப்பார்.

குழந்தைகளோடு வருகிற பெரியவர்கள் அங்கேயே இருக்க வேண்டும் என்பதில் கறாராக இருங்கள். விட்டுவிட்டுப் போகிற இடமாக ஆனால் நீங்கள் பிள்ளை பார்த்துக்கொள்பவராகிவிடுவீர்கள், கற்றுக்கொடுக்க முடியாது.

வண்ணம் கழுவிய தண்ணீர் பற்றி யாரும் கேட்கவில்லை. நானாகச் சொல்கிறேன். அதை மரத்தின் வேரிலோ குளத்திலோ கொட்டாதீர்கள். ஓவியர்களுக்கான வண்ணங்கள் சிலவற்றில் கேட்மியம், கோபால்ட் போன்ற உலோகங்கள் இருக்கின்றன. அக்ரிலிக் என்பது அடிப்படையில் பிளாஸ்டிக், காய்ந்தால் கரையாது. மூடியுள்ள ஒரு வாளியில் சேர்த்து வெளியே எடுத்துப் போய்விடுங்கள். தூரிகையைக் கழுவும் முன் பழைய துணியில் நன்றாகத் துடைத்துவிட்டால் பாதி வண்ணம் துணியோடு போய்விடும்.

என் ஏழு வயது மகனை ஒரு இலவச ஓவிய முகாமுக்கு அழைத்துப் போனேன். அவன் மரத்துக்கு ஊதா நிறம் அடித்திருந்தான், வானத்தை மேலே ஒரு பட்டையாக மட்டும் போட்டிருந்தான். உதவிக்கு நின்ற ஒருவர் பென்சிலை வாங்கி மரத்தைச் "சரி" செய்து, வானத்தைக் கீழ்வரை நிரப்பிக் கொடுத்தார். படம் அழகாகிவிட்டது. ஆனால் அன்றிலிருந்து மகன் வரையச் சொன்னால் "நீயே போட்டுக் கொடு" என்கிறான். என்ன செய்வது?

உங்கள் கடிதத்தைப் படித்ததும் இந்தப் பக்கம் முழுவதையும் இதற்கே கொடுத்துவிடலாமா என்று தோன்றியது.

முதலில், உங்கள் மகன் வரைந்ததில் பிழை ஒன்றும் இல்லை. அந்த வயதில் பெரும்பாலான குழந்தைகள் தரையைக் கீழே ஒரு கோடாகவும் வானத்தை மேலே ஒரு பட்டையாகவும்தான் போடுவார்கள். நடுவில் உள்ள வெற்றிடம் அவர்களுக்குக் காற்று. வானம் தலைக்கு மேலே இருக்கிறது, தரை காலுக்குக் கீழே இருக்கிறது. அவர்கள் அனுபவத்தில் அது முழுக்க உண்மை. தொடுவானத்தில் இரண்டும் சேர்வதுபோல் தெரிவதைக் கவனிக்கிற பருவம் தானாக வரும். யாரும் இழுத்துக்கொண்டு வர வேண்டியதில்லை. ஊதா மரத்துக்கும் காரணம் இருந்திருக்கலாம். காலை வெயிலில் அடிமரத்தின் நிழல் பக்கத்தைக் கவனித்துப் பாருங்கள். நீல வானத்தின் ஒளி மட்டும் படுவதால் அங்கே நீலமும் ஊதாவும் கலந்த சாயல் இருக்கும். பெரியவர்கள் "மரம் பழுப்பு" என்று முடிவு கட்டிவிட்டதால் நமக்குத் தெரிவதில்லை. அவனுக்குத் தெரிந்திருக்கலாம். அல்லது அவனுக்கு ஊதா பிடித்திருக்கலாம், அதுவும் போதுமான காரணம்தான்.

வியன்னாவில் ஃபிரான்ஸ் சிசெக் என்ற ஆசிரியர் 1897இல் குழந்தைகளுக்காக ஓவிய வகுப்பு தொடங்கினார். குழந்தை பெரியவரைப் போல் வரையக் கற்க வேண்டியதில்லை, அதன் ஓவியத்துக்குத் தனி வளர்ச்சி இருக்கிறது என்பதுதான் அவர் பிடித்த பிடி. நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் இது நம் முகாம்கள் பலவற்றுக்கு வந்து சேரவில்லை என்பது எனக்குப் பெரிய வருத்தம். என்னோடு உதவிக்கு வருகிறவர்களுக்கு நான் வைத்திருக்கிற விதி ஒன்றுதான்: பிறர் காகிதத்தில் உங்கள் பென்சில் படக் கூடாது. குழந்தையானாலும் சரி, எழுபது வயதுக்காரரானாலும் சரி. காட்ட வேண்டுமென்றால் தனித் தாளில் வரைந்து காட்டுங்கள். அந்தத் தாளையும் பிறகு எடுத்துக்கொண்டு போய்விடுங்கள்.

இப்போது மகனுக்கு. "நீயே போட்டுக் கொடு" என்றால் போட்டுக் கொடுக்காதீர்கள், "நீ வரைந்தே ஆக வேண்டும்" என்று வற்புறுத்தவும் வேண்டாம். அவன் பக்கத்தில் உட்கார்ந்து உங்கள் தாளில் உங்களுக்கு வருகிறபடி வரையுங்கள். சில நாள் அவன் சும்மா பார்க்கட்டும். பென்சிலுக்குப் பதில் வேறு பொருளுக்கு மாறுவதும் உதவும்: ஈர மண், சுண்ணக்கட்டி, தரையில் இலைகளை அடுக்கி உருவம் செய்வது. அங்கே "சரி" என்று முன்பே யாரும் சொல்லிவைக்கவில்லை. அவன் ஏதாவது செய்து காட்டினால் "அழகு" என்று மட்டும் சொல்லாமல், "இந்த இடத்தில் ஏன் இத்தனை வளையம்?" என்று கேளுங்கள். கதை வரும். கதை வர ஆரம்பித்தால் கை திரும்பிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

வாட்டர்கலரை வீட்டில் ஓரளவு நன்றாகக் கையாளுகிறேன். பூங்காவில் எல்லாம் கெட்டுப்போகிறது. வண்ணம் விட்டுவிட்டுக் காய்கிறது, வீட்டுக்கு வந்து பார்த்தால் படம் முழுக்க இருண்டு கிடக்கிறது.

இரண்டுக்கும் காரணம் வெயில். காகிதத்தின் மேல் நேரடி வெயில் விழுந்தால் வெள்ளை கண்ணைக் கூசச் செய்யும். அந்தப் பளிச்சில் நீங்கள் பூசுகிற வண்ணம் வெளிறித் தெரிவதால், கை தானாக இன்னும் அடர்த்தியாகக் கலக்கிறது. வீட்டு வெளிச்சத்தில் உண்மை நிலவரம் தெரிகிறது. காகிதமும் வண்ணத்தட்டும் இரண்டுமே நிழலில் இருக்க வேண்டும். ஒன்று வெயிலிலும் ஒன்று நிழலிலும் இருந்தால் இன்னும் மோசம். இலைகளின் ஊடே விழும் புள்ளி வெளிச்சம் காகிதத்தில் ஆடினாலும் இதே தொல்லைதான். (அந்தப் புள்ளிகளை நின்று பாருங்கள். பெரும்பாலும் வட்டமாக இருக்கும். இலைகளுக்கு இடையிலுள்ள ஓட்டை என்ன வடிவமானாலும், ஊசித்துளைக் கேமராவைப் போல் அது சூரியனின் உருவத்தைத்தான் தரையில் விழச் செய்கிறது. பகுதி கிரகணத்தின்போது அவை எல்லாம் பிறையாகிவிடும்.)

விட்டுவிட்டுக் காய்வதைத் தவிர்க்க, பூசும் முன் காகிதத்தை ஈரமாக்கிக்கொள்ளுங்கள், பெரிய பிரஷ் எடுங்கள், வானம் போன்ற அகலமான பகுதியை நிறுத்தாமல் ஒரே மூச்சில் முடியுங்கள். 300 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள) தடித்த காகிதம் ஈரத்தைக் கொஞ்ச நேரம் வைத்திருக்கும், எளிதில் நெளியாது. மெல்லிய தாள் என்றால் நான்கு பக்கமும் அட்டையில் டேப் ஒட்டிவிடுங்கள்.

என் அப்பாவுக்குப் பார்வை மிகவும் மங்கிவிட்டது. பூங்காவுக்கு நடக்க வருவார். ஓவியப் பயிலரங்கில் அவருக்கு ஏதாவது இருக்குமா?

நிச்சயம் இருக்கும். மரப்பட்டையின் மேல் மெல்லிய தாளை வைத்து, க்ரேயானைப் படுக்கவைத்துத் தேய்க்கச் சொல்லுங்கள். பட்டையின் வெடிப்புகள் தாளில் எழும். க்ரேயான் மெழுகு தடித்துப் படிவதால் விரலால் தடவியும் ஓரளவு உணரலாம். இலை, நடைபாதைக் கல், இரும்புக் கிராதி என எதையும் இப்படி எடுக்கலாம். குழந்தை விளையாட்டுதானே என்று அவர் நினைத்தால், மாக்ஸ் எர்ன்ஸ்ட் என்ற ஓவியர் 1925இல் மரத்தரையின் மேல் தாளை வைத்துத் தேய்க்க ஆரம்பித்து அதையே தன் முக்கியமான முறைகளில் ஒன்றாக வளர்த்தார் என்று சொல்லுங்கள்.

களிமண்ணும் கொடுத்துப் பாருங்கள். பத்து நிமிடம் மரத்தைக் கையால் தடவிவிட்டு, கை நினைவில் வைத்திருப்பதை மண்ணில் செய்யச் சொல்லுங்கள். பார்வை உள்ளவர்களையும் கண்ணை மூடிக்கொண்டு அவரோடு சேர்ந்து செய்யவைப்பேன். அந்த மேசையில் பெரும்பாலும் அப்பாக்கள்தான் கைதேர்ந்தவர்களாக இருப்பார்கள்.

இலைச்சாறு, பூச்சாறு கொண்டு வரையலாமா? கடை வண்ணம் இல்லாமலே ஒரு பயிலரங்கு நடத்த ஆசை. நான் பள்ளியில் அறிவியல் ஆசிரியை.

வரையலாம். ஆனால் அது நிலைக்காது என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இலையின் பச்சையம் வெளிச்சத்தில் சீக்கிரம் மங்கும், மஞ்சள் கிழங்கின் நிறமும் அப்படியே. பிள்ளை வீட்டுச் சுவரில் மாட்டிய படம் கொஞ்ச நாளில் வெளுத்துப்போனால் ஏமாற்றமாக இருக்கும். மண் நிறங்கள் நிலைக்கும்: சிவப்பு மண், மஞ்சள் மண், கரி. சலித்து, கொஞ்சம் பசையோடு குழைத்தால் நல்ல வண்ணம்.

நீங்கள் அறிவியல் ஆசிரியை என்பதால் இதைவிடச் சிறந்த ஒன்றைச் சொல்கிறேன்: வெயிலையே வரையவிடுங்கள். சயனோடைப் என்கிற நீல அச்சுமுறையை 1842இல் ஜான் ஹெர்ஷல் என்ற வானியலாளர் கண்டுபிடித்தார். ஃபெரிக் அம்மோனியம் சிட்ரேட், பொட்டாசியம் ஃபெரிசயனைடு என்ற இரண்டு உப்புக் கரைசல்களைக் கலந்து காகிதத்தில் பூசி இருட்டில் காயவைக்க வேண்டும். பூங்காவில் அதன் மேல் இலையையோ இறகையோ புல்லையோ வைத்து, ஒரு கண்ணாடியோ தெளிவான பிளாஸ்டிக் தகடோ மேலே வைத்து அழுத்தி, நல்ல வெயிலில் பத்து நிமிடம்போல் காட்டுங்கள். பிறகு வெறும் தண்ணீரில் அலசினால் போதும். வெயில் பட்ட இடம் நீலமாகும், இலை மறைத்த இடம் வெள்ளையாக நிற்கும். காயக் காய நீலம் இன்னும் ஆழமாகும். அன்னா அட்கின்ஸ் என்ற தாவரவியலாளர் 1843இலிருந்து கடற்பாசிகளை இந்த முறையில்தான் பதிவுசெய்தார். புகைப்பட அச்சுகளால் ஆன முதல் புத்தகம் என்று அவர் தொகுப்பைச் சொல்கிறார்கள்.

காகிதத்துக்கு ரசாயனம் பூசுவதை முந்தின நாளே பெரியவர்கள் கையுறை போட்டுக்கொண்டு செய்துவிடட்டும். பிள்ளைகள் கையில் காய்ந்த தாள் மட்டும் வர வேண்டும். அலசுகிறவர்களுக்கும் கையுறை தேவை. அலசிய தண்ணீரும் வாளிக்குத்தான். இலைகள் எல்லாம் உதிர்ந்தவையாக இருக்கட்டும், ஒன்றைக்கூடச் செடியிலிருந்து பறிக்க வேண்டாம். முப்பது பேர் ஆளுக்கு மூன்று பறித்தால் அந்தச் செடி என்ன ஆகும்?

பின்னால் ஆட்கள் நின்று பார்க்கிறார்கள். கை ஓடமாட்டேன் என்கிறது.

மரத்தில் முதுகைச் சாய்த்து உட்காருங்கள். பின்னால் நிற்க இடமே இருக்காது. அப்படியும் யாராவது வந்து எட்டிப் பார்த்தால், அட்டையையும் பென்சிலையும் நீட்டி "நீங்களும் ஒன்று போடுங்களேன்" என்று கேளுங்கள். பாதிப் பேர் நகர்ந்துவிடுவார்கள், மீதிப் பேர் உட்கார்ந்துவிடுவார்கள். எங்கள் பயிலரங்கில் ஒழுங்காக வருகிறவர்களில் பலர் இப்படி நின்று பார்க்க வந்தவர்கள்தான்.

இலவசமாகக் கொடுத்தால் மதிப்பிருக்காது, சிறு கட்டணமாவது வாங்குங்கள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். பலர் பாதியில் எழுந்தும் போகிறார்கள். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

பாதியில் எழுந்து போவதை நான் மதிப்பின்மையாக எடுத்துக்கொள்வதில்லை. பூங்காவில் கதவு இல்லை. வருவதும் போவதும் அதன் இயல்பு. நடைப்பயிற்சிக்கு வந்தவர் கால்மணி நேரம் உட்கார்ந்து ஒரு இலை வரைந்துவிட்டுப் போனால் அது முழுமையான வருகைதான். அதனால்தான் ஒவ்வொரு பயிற்சியும் கால்மணி நேரத்துக்குள் தானாக நிறைவுபெறும்படி அமைக்கச் சொல்கிறேன். "முதல் மணியில் ஓவியக் கோடு, அடுத்த மணியில் வண்ணம்" என்று தொடராகத் திட்டமிட்டால் தாமதமாக வந்தவர் வேடிக்கை பார்ப்பவராகிவிடுகிறார்.

கட்டணம் எவ்வளவு சிறியதானாலும், ஒரு ஆளைத் தடுக்கும். யாரைத் தடுக்கும் என்பதை யோசியுங்கள். மூன்று பிள்ளைகளை அழைத்து வருகிற தாயை, வேலையிலிருந்து திரும்பும் வழியில் எட்டிப் பார்க்கிற காவலாளியை, "எனக்கெல்லாம் எதற்கு" என்று ஏற்கெனவே தயங்கி நிற்கிறவரை. இவர்களுக்காகத்தானே அறையை விட்டு வெளியே வந்தோம்? அமெரிக்காவில் 1930களின் பொருளாதார வீழ்ச்சியின்போது, 1935இல் தொடங்கிய ஃபெடரல் ஆர்ட் ப்ராஜெக்ட் என்ற அரசுத் திட்டத்தின் கீழ் நூற்றுக்கும் மேற்பட்ட சமுதாயக் கலை மையங்கள் திறக்கப்பட்டன. வகுப்புகள் இலவசம். கற்றுக்கொடுத்த ஓவியர்களுக்கு அரசு சம்பளம் கொடுத்தது. இந்த இரண்டாவது வாக்கியத்தை ஒரு முறை நிறுத்திப் படிக்க வேண்டுகிறேன். வருகிறவருக்கு இலவசம் என்றால் கற்றுக்கொடுக்கிறவருக்கும் ஊதியம் இல்லை என்று ஆகிவிடக் கூடாது. நானும் என் நண்பர்களும் விரும்பித்தான் செய்கிறோம், எங்களுக்கு வேறு வருமானம் இருக்கிறது. ஓவியத்தையே நம்பி வாழ்கிற ஒரு இளைஞரை அழைத்தால், நன்கொடை திரட்டியாவது அவருக்குரியதைக் கொடுத்துவிடுங்கள். "உங்களுக்கு நல்ல விளம்பரம்" என்று சொல்லி அழைக்காதீர்கள்.

இன்னொன்று. இலவசம் என்பதால் மட்டமான பொருள் கொடுக்காதீர்கள். முனை உடைகிற பென்சிலும் நிறமே ஒட்டாத க்ரேயானும் கையில் வந்தால், புதியவர் தனக்குத்தான் வரையத் தெரியவில்லை என்று நினைத்துக்கொள்கிறார். குறைவாகக் கொடுங்கள், நல்லதாகக் கொடுங்கள்.

மொபைலில் படம் எடுத்து வந்து வீட்டில் நிம்மதியாக வரைந்தால் என்ன? வெயில், எறும்பு, காற்று எல்லாம் எதற்கு?

வரையலாம், தடை ஒன்றும் இல்லை. ஆனால் கேமரா எதை விட வேண்டும் என்பதை உங்களுக்காக முன்பே முடிவு செய்துவிடுகிறது. நிழலைக் கறுப்பாக்கிவிடும், அல்லது வானத்தை வெளுத்துவிடும். கண் இரண்டையும் ஒரே நேரத்தில் பார்க்கும். ஜான் கான்ஸ்டபிள் என்ற ஆங்கில ஓவியர் 1821லும் 1822லும் லண்டனின் ஹாம்ஸ்டெட் பகுதியில் நின்று மேகங்களை மட்டும் வரைந்துகொண்டிருந்தார். பல தாள்களின் பின்பக்கம் தேதி, நேரம், காற்றின் திசையைக்கூட எழுதிவைத்தார். உங்கள் தாளின் பின்னாலும் அப்படி எழுதிப் பழகுங்கள்.

எறும்பைப் பற்றிக் கேட்டதால்: வான்கா 1889இல் வரைந்த ஒலிவ மரங்கள் ஓவியம் ஒன்றில், காய்ந்த வண்ணத்துக்குள் ஒரு வெட்டுக்கிளி சிக்கியிருப்பதை அருங்காட்சியகத்தில் உருப்பெருக்கியால் பார்த்துக் கண்டுபிடித்து 2017இல் அறிவித்தார்கள். மோனே 1870இல் கடற்கரையில் வரைந்த படத்தில் மணல் துகள்கள் ஒட்டியிருக்கின்றன. வெளியே போய் வண்ணம் தீட்டுவதே அந்தக் காலத்தில்தான் எளிதானது. 1841இல் ஜான் ராண்ட் என்ற ஓவியர் பிதுக்குகிற உலோக ட்யூபுக்குக் காப்புரிமை வாங்கும்வரை, எண்ணெய் வண்ணத்தைப் பன்றியின் சிறுநீர்ப்பையில் கட்டித்தான் எடுத்துப் போனார்கள். அதோடு ஒப்பிட்டால் உங்கள் பை லேசானதுதான். வந்து உட்காருங்கள்.

பயிலரங்கின் முடிவில் சிறந்த படத்துக்குப் பரிசு கொடுத்தால் உற்சாகமாக இருக்குமே? ஒரு நிறுவனம் பரிசுப் பொருள் தருவதாகச் சொல்கிறது. படங்களை வைத்துக் கண்காட்சியும் நடத்த எண்ணம்.

பரிசு வேண்டாம். ஒருவருக்குக் கொடுத்தால் மற்ற எல்லோருக்கும் அன்று வரைந்தது போட்டியில் தோற்ற படமாகிவிடும். அடுத்த முறை பரிசு வாங்கும் மாதிரி வரைய ஆரம்பிப்பார்கள்: மலை, நடுவில் சூரியன், ஒரு வீடு, ஒரு ஆறு. கண்ணெதிரே உள்ள மரம் காணாமல் போய்விடும்.

கண்காட்சி வையுங்கள். இரண்டு கம்பங்களுக்கு நடுவே ஒரு கயிறு, அதில் கிளிப். கடைசி இருபது நிமிடம் எல்லாப் படங்களையும் மாட்டுங்கள், தேர்ந்தெடுத்து அல்ல. மாட்ட விரும்பாதவரை வற்புறுத்தாதீர்கள். குழந்தைகளின் படத்தில் முழுப்பெயரும் முகவரியும் எழுத வேண்டாம். பிள்ளைகளைப் புகைப்படம் எடுப்பதற்கு முன் பெற்றோரிடம் கேளுங்கள். முடிந்ததும் படத்தை வரைந்தவரிடமே கொடுத்துவிடுங்கள், அது அவருடையது.

நிறுவனம் ஏதாவது தருவேன் என்றால், பரிசுக்குப் பதில் காகிதமும் 4பி பென்சிலும் வாங்கித் தரச் சொல்லுங்கள். வருகிறவர் எல்லோருக்கும் போய்ச் சேரும்.